கேட்டுக்கு வெளியே நிற்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

போன ஞாயிறு அண்ணியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே மாமரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டீர்கள். உள்ளே வாங்க என்றேன். "முதல்ல தண்ணிய விடுறேன், மனுஷனா ஆனப்புறம் வர்றேன்" என்றீர்கள். அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில் நம் ஆட்கள் பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் போனால் படிக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுத் திரும்பிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ஆண்டவரையும் அப்படி ஒரு துரையாக நினைத்துவிடுகிறோம்.

லூக்கா 5ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் அண்ணே. உடம்பெல்லாம் குஷ்டம் பிடித்த ஒருவன் இயேசுவிடம் வருகிறான். மோசேயின் சட்டப்படி அவன் குடியிருப்புக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். "தீட்டு, தீட்டு" என்று சத்தம்போட வேண்டும். நம் நாட்டிலும் அந்த நோய்க்கு அப்படித்தான் பயந்தார்கள். 1930இல் சுங்கை பூலோவில் அவர்களுக்கென்றே தனிக் குடியிருப்பு திறந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக்கூடப் பெற்றவர்களிடம் விட்டுவைக்கவில்லை. தொடுவதற்கு யாருமே இல்லாமல் வாழ்வது எப்படி இருந்திருக்கும்!

அவன் முகங்குப்புற விழுந்து, "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறான். அவரால் முடியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தன்னைப் போன்றவனை அவருக்குப் பிடிக்குமா என்பதுதான் சந்தேகம். உங்கள் சந்தேகமும் அதுதானே?

இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். அதற்கப்புறம்தான் "சுத்தமாகு" என்கிறார். ஒரு வார்த்தை சொன்னாலே நோய் போயிருக்கும், தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் புண்ணோடு இருந்தவனைத்தான் தொட்டார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அதே அதிகாரத்தில் லேவியையும் பாருங்கள். வரி வசூலிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோதே, "என் பின்னே வா" என்று கூப்பிட்டார். அப்புறம் அவன் வீட்டிலேயே சாப்பிட்டார். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று யோவான் 6ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். குடித்தவனைத் தவிர என்று அதில் இல்லை.

தண்ணியை விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணி படுகிற பாடு எனக்கும் தெரியும். வருஷக்கணக்கான பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து, அதனால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிடுவோம், நானும் கூட வருகிறேன். ஆனால் அதையெல்லாம் தனியாக முடித்துவிட்டு வா என்று அவர் உங்களிடம் கேட்கவே இல்லை, அண்ணே.

இந்த ஞாயிறு உள்ளே வாருங்கள். கடைசி பெஞ்சில் உட்காருவோம். முதல் நாள் ராத்திரி குடித்திருந்தாலும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி