பல்லிப் புழுவுக்குப் பேர் வைக்க உதவியவர்களுக்கு

டர்பன் சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கு வணக்கம்.

வீட்டுப் பல்லியின் பின்குடலில் எடுத்த அந்த உருளைப்புழு புதிய இனம்தான். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெயரை இங்கே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். விலங்குப் பெயரிடும் விதிப்படி அது கட்டுரையில் வெளிவந்தால்தான் செல்லும்.

முதல் நன்றி எங்கள் தெரு ஆயாவுக்கு. பல்லியைக் கொன்றால் பாவம் என்று வளர்ந்தவர். பல்லி பிடிக்க நம் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டியும், "உசிரோட பிடிக்காதே, செத்தது கிடைச்சா நான் தர்றேன்" என்றார். ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு போன்: "வாசக்கதவுல ஒண்ணு நசுங்கிப்போச்சு, உடனே வா." பல்லி செத்தால் உள்ளே புழுவும் சீக்கிரம் கெட்டுவிடும். ஓடினேன். அதில்தான் முதல் ஆண் புழு இருந்தது.

அதுவரை கிடைத்ததெல்லாம் பெண். வெள்ளை நூல் துண்டு மாதிரி கண்ணுக்கே தெரியும். ஆனால் இந்தப் புழு சேர்ந்த ஸ்பாலிகோடான் பேரினத்தில் இனம் பிரிக்க, பெண்ணின் வால் முட்களும் முட்டை வடிவமும் மட்டும் போதாது. ஆணின் வாலடியில் இருக்கும் சிறு முண்டுகளையும் பார்த்தாக வேண்டும். ஆணோ 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்து அண்ணனுக்கும் பெரிய கடன் பட்டிருக்கிறேன். நான் குளிர்ந்த ஆல்கஹாலில் போட்ட புழுவெல்லாம் சுருண்டுகொண்டது, அளக்கவே முடியவில்லை. "70 சதவீத ஆல்கஹாலைச் சூடாக்கிப் போடுப்பா" என்று பக்கத்தில் நின்று காட்டினார். போட்டதும் குச்சி போல நிமிர்ந்துவிட்டது. முண்டு முண்டாக எண்ணிப் படம் வரைந்துகொடுத்த அக்காவுக்கும், அனுமதி வாங்க வழி சொன்ன அதிகாரிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று கேட்ட அம்மாமார்களுக்கு: இது கீரிப்பூச்சிக்குத் தூரத்து உறவுதான், ஆனால் மனிதரிடம் வளராது. கேட்ட பிறகும் பல்லியை விரட்டாமல் விட்டீர்களே, அதற்கும் நன்றி.

கதவிடுக்கில் கிடைத்த அந்த ஆண் புழுவைத்தான் இனத்தின் மூலமாதிரியாக, அதாவது பெயருக்கு அடையாளச் சான்றாக, வைத்திருக்கிறோம். இனி அது அருங்காட்சியகத்தில் இருக்கும். குப்பிக்குள் போட்ட சீட்டில், சேகரித்தவர் என்ற இடத்தில் ஆயாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.