ஜோடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடமாக உன்னோடு டப்பாவைப் பங்கு போட்டுச் சாப்பிட்ட பெண், யாரோ கேட்டதற்கு "ஃப்ரெண்டெல்லாம் இல்லை, கொலீக்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவே இல்லையாம், அம்மா சொன்னாள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சொல்மேல்தான் எரிச்சல். மேனேஜரும் கொலீக், பக்கத்து சீட்டும் கொலீக், பெயர் தெரியாத மேல்மாடிக்காரனும் கொலீக். ஒரு சொல்லில் இத்தனை பேரை ஏற்றினால் ஓவர்லோடு.

தமிழில் "சக பணியாளர்" என்று இருக்கிறது. சுற்றறிக்கையில் பார்த்திருக்கிறேன், ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. "ஊழியர்" என்பதிலும் எனக்கு ஒரு நெருடல். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி இல்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலை. கூட்டாளி என்று சொல்லலாம் என்றால், நம் பேப்பரில் திருடனுக்குத்தான் கூட்டாளி இருப்பான். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் அதே சொல் நல்ல சிநேகிதனைக் குறிக்கும்.

நான் கண்டக்டராகச் சேர்ந்தது 1985இல். அப்போது வண்டியில் பாண்டியன் என்று எழுதியிருக்கும். சேரன், சோழன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனித்தனியாக இருந்த காலம். 1997இல்தான் பெயரையெல்லாம் மாற்றினார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் "ஸ்டாஃப்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தக் கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். முகம் தெரியாதவர்தான், இருந்தாலும் நம்ம ஆள். எதிரே வரும் வண்டியின் டிரைவர் கையைக் காட்டி, முன்னால் செக்கிங் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாரே, அவருக்கு என்ன பெயர் வைப்பது? எங்களிடமும் அதற்குச் சொல் கிடையாது.

சங்கத்துக்குப் போனால் தோழர். 1923 மே 1ஆம் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினாரே, அந்த வழியில் வந்த சொல். இன்னொரு சங்கத்தில் உடன்பிறப்பு. டெப்போ வாசலில் கொடிக்கொரு சொல்.

ஆனால் ஜோடி என்றால் ஒரே ஒருவர்தான். என் வண்டியின் டிரைவர். "உங்க ஜோடி இன்னைக்கு வரலையா?" என்று உங்க அம்மா கேலி செய்வாள். சிங்கம்புணரி ரூட்டில் ஒன்பது வருடம் ஒரே வண்டி. ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் கிளம்பணும், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நைட் ஹால்ட்டில் வண்டிக்குள் அவர் முன் சீட்டில் படுப்பார், நான் பின் சீட்டில். அவர் வீடு எந்தத் தெரு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தேன், வரவில்லை. நானும் அப்புறம் கேட்கவில்லை.

2018 ஜனவரி ஸ்ட்ரைக் உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பள உயர்வுக் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தை 2.57ஆல் பெருக்கச் சொல்லி நாங்கள் கேட்டோம், அரசு 2.44 என்றது. 4ஆம் தேதி சாயங்காலம் வண்டியை நிறுத்தினோம். அவர் வேறு சங்கம், அவர்கள் சேரவில்லை. மறுநாள் அவர் தற்காலிகக் கண்டக்டர் ஒருவரை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டியை கேட்டைத் தாண்டி எடுத்தார். நான் வாசலில் நின்று "கருங்காலி" என்று கத்தினேன். இப்போது ஆளாளுக்குக் கருங்காலி மாலை போட்டுத் திரிகிறார்கள். தொழிற்சங்கத்தில் ஸ்ட்ரைக்கை உடைக்கிறவனுக்கு அதுதான் பெயர், அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. அவர் காதில் விழுந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

11ஆம் தேதி ராத்திரி ஸ்ட்ரைக் முடிந்தது. 12ஆம் தேதி காலையில் அதே வண்டி, அதே ஜோடி. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலேயே படிக்கட்டு வரைக்கும் கூட்டம். இருவரும் முகம் பார்க்கவில்லை. நான் இரண்டு விசில் அடித்தேன், அவர் எடுத்தார்.

ஒத்தக்கடை நெருங்குகிறது, இன்னும் முப்பது டிக்கெட்டாவது போட வேண்டும். கட்டணம் மாறும் இடமான ஸ்டேஜை, எல்லாருக்கும் டிக்கெட் போடாமல் தாண்டியபின் செக்கிங் ஏறினால் மெமோ எனக்குத்தான், டிரைவருக்கு ஒன்றும் வராது. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். கேட்க யாருக்கும் வாய் கிடையாது, எனக்குச் சுத்தமாகக் கிடையாது. வண்டி மெதுவாயிற்று. ஸ்டேஜுக்கு முன்னாலேயே இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். "என்னண்ணே நிப்பாட்டிட்டீங்க?" என்று முன்னால் யாரோ கத்தினார்கள். "டிக்கெட் போடணும்ல, இருங்க" என்றார், திரும்பாமல். கடைசி டிக்கெட்டைக் கிழித்து நான் விசில் அடிக்கும்வரை அசையவில்லை.

அதற்கப்புறம் சிநேகிதர் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. 2019இல் நான் ஓய்வு பெறும்வரை அந்த வசவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். ஆனால் ஒத்தக்கடைக்கு முன்னால் வண்டி தினமும் மெதுவாகும்.

அந்தப் பெண், நீ லீவில் இருந்தபோது உன் வேலையை ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள் என்று போன தீபாவளிக்கு நீதான் சொன்னாய். மறந்திருப்பாய் என்று எழுதுகிறேன்.

அம்மா எள்ளுருண்டை பிடித்திருக்கிறாள். கூரியரில் அனுப்புகிறேன். இரண்டு டப்பாவாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா