குத்தகையில் கையெழுத்து வைக்க முன்னம் எங்களுக்குக் காட்டுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் வரிசையில் நின்று வாக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். அதற்கு முன் இரண்டு வருசத்துக்கு மேல் சபையே இல்லாமல் எல்லாம் அதிகாரிகள் கையில்தான் இருந்தது, அதனால் நீங்கள் வந்தபோது உண்மையாகவே சந்தோசப்பட்டேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். சபையின் பொறுப்பில் உள்ள காணி, அது விளையாட்டுத் திடலோ பழைய சந்தையோ கடற்கரையோரத் துண்டோ, தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போவதாக இருந்தால், கையெழுத்துக்கு முன் அந்த ஒப்பந்தத்தை முழுசாக எங்களுக்குக் காட்டுங்கள். தமிழிலும் சிங்களத்திலும்.

எங்கள் மாவட்டத்தில் காணி எவ்வளவு இறுக்கம் என்று உங்களுக்கே தெரியும். துறைமுக அதிகாரசபைக்கு, படை முகாம்களுக்கு, வனத்துக்கு, தொல்லியலுக்கு என்று போனது போக மிஞ்சுவது கொஞ்சம். 2006இல் சம்பூரை விட்டு ஓடிய சனம், தங்கள் காணி முதலீட்டு வலயமாகிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே முகாம்களில் இருந்தார்கள், வலயமென்று அறிவித்த அரச வர்த்தமானி 2015இல் ரத்தாகும் வரைக்கும். முத்துநகர் விவசாயிகள் சூரிய மின் திட்டங்களுக்கு வயல் போகிறதென்று 2025இல் வீதிக்கு வந்தார்கள். அதெல்லாம் கொழும்பில் எடுத்த முடிவுகள். சபைக் காணி அப்படியில்லை, அது உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

நான் சின்ன வயதில் கிரிக்கெட் விளையாடிய ஒரு பொதுக் காணி இப்போது மதிலுக்குள் இருக்கிறது. கடைத்தொகுதி வரும், வேலை வரும் என்றார்கள். வந்தது நாலு தூணும் துருப்பிடித்த கம்பியும்தான், தூணில் ஆலங்கன்று முளைத்து அது இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது. குத்தகை எத்தனை வருசம், கட்டாமல் விட்டால் காணி திரும்புமா என்று கேட்கப் போனேன். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள், மூன்றாம் நாளோடு நான் போவதை விட்டுவிட்டேன். விட்டது என் பிழை, இந்த முறை விடமாட்டேன்.

உங்கள் பதவிக்காலம் நான்கு வருசம். முப்பது வருசக் குத்தகை என்றால் இனி வரப்போகும் ஆறேழு சபைகளின் கையையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். எங்கள் மாவட்டத்துச் சீனக்குடாவில் 14 எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் எழுதியது 50 வருசக் குத்தகை, அன்று பிறந்த பிள்ளைக்கு அது முடியும்போது ஐம்பது வயது. இவ்வளவு நீளமான ஒரு விசயத்தை ஒரு பின்னேரக் கூட்டத்தில் கையுயர்த்தி முடிக்கலாமா?

சபைக்குக் காசு வேண்டும், எனக்கு அது விளங்குகிறது. வீடு, கடைகளுக்குக் கட்டும் சோலைவரியை மட்டும் நம்பி ஊரை நடத்த முடியாது. குத்தகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை எவ்வளவு, எத்தனை வருசத்துக்கு ஒருக்கா கூட்டுவீர்கள், இரண்டு வருசத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் என்ன, குத்தகைக்காரர் இன்னொருவருக்குக் கைமாற்றலாமா, இவையெல்லாம் தாளில் இருக்க வேண்டும். அப்புறம் கடற்கரை என்றால் கரைவலை இழுக்கிற இடமும் கடலுக்குப் போகிற பாதையும். வேலி போட்ட பிறகு வலை இழுக்கிறவன் எங்கே போய் நிற்பான்?

பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கை ஒருக்கா வாசியுங்கள். பொதுத் தேவைக்கென்று எடுத்த காணி தனியாரின் கோல்ப் மைதானமாகியது. 2008இல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பி எடுக்கச் சொன்னது, முன்னாள் சனாதிபதி ஒருவரையே முப்பது இலட்சம் ரூபாய் கட்ட வைத்தது. பதவியில் இருப்பவர் சனத்தின் சொத்துக்குப் பொறுப்பாளர் மட்டும்தான், சொந்தக்காரர் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த மதில் காணிக்கான விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுவந்து தருவேன். அடுத்த காணிக்கு அப்படியொன்று எழுத வைக்காதீர்கள். வரைவு ஒப்பந்தத்தைச் சபை வாசல் பலகையில் ஒரு மாதம் ஒட்டிவிடுங்கள், நாங்களே வந்து வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்த ஒரு திருமலைக்காரன்