முதல்முறை ஆடுகிறவருக்கு எதற்கு எண்பத்து மூன்று மாட்? பால்டர்ஸ் கேட் மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பால்டர்ஸ் கேட் என்ற கணினிக் கதையாட்டத்தின் இரண்டாம் பாகத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடி, அதன் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மூத்தவர்களே,

வணக்கம். நானும் உங்கள் கூட்டத்தில் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர் யாராவது "எந்தெந்த மாட் போடலாம்?" என்று, அதாவது ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் எழுதும் துணைநிரல்களில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் ஒரு நீண்ட பட்டியலை எடுத்து நீட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். அவர் ஆட்டத்தை ஒருமுறையாவது முடித்திருக்கிறாரா என்றுகூட நாம் கேட்பதில்லை.

இந்த வழக்கில் முதல் குற்றவாளி நான்தான். என் அக்கா மகன் 2023இல் வந்த மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு, "மாமா, இந்த ஜஹீராவும் மின்ஸ்கும் யார்? ஏதோ பழைய கதை இருக்கிறது போலிருக்கிறதே" என்று கேட்டான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிரவே உட்கார்ந்து எண்பத்து மூன்று மாட்களின் பட்டியலைத் தயாரித்தேன். எதற்குப் பின் எது வர வேண்டும், எதில் எந்தக் கூறுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், எது எதோடு ஒத்துப்போகாது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். கல்யாணச் சமையலுக்குச் சாமான் பட்டியல் எழுதிய திருப்தி. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "எதுவரை வந்திருக்கிறாய்?" என்று ஆவலாகக் கேட்டேன். "நாற்பத்தோராவது மாட் வரை வந்துவிட்டேன் மாமா" என்றான்.

மாட் என்று தமிழில் எழுதும்போதே மாட்டிக்கொள்வோம் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது. நமக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

அந்தப் பட்டியலைப் பிறகு ஒருநாள் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அதில் இருந்தவை எல்லாம் என்னுடைய பழைய புகார்கள். அம்புகளைச் சிறு சிறு கட்டுகளாக அடுக்கி அலுத்துப்போனதால் ஒரு மாட். மூடுபனியை விலக்கிக்கொண்டு வரைபடம் முழுக்க நடக்கப் பொறுமை இல்லாததால் இன்னொன்று. பத்தாவது முறை ஆடும்போது சண்டைகள் சப்பென்று ஆகிவிட்டதால் எதிரிகளுக்கு மூளை வைக்க ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு புகாருக்குக் கிடைத்த பதில். என் மருமகனுக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு புகாரும் கிடையாது. ஏனென்றால் அவன் இன்னும் அதைத் தொடங்கவே இல்லை.

தொடக்கச் சிறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிக் குதித்து நேராக ஆத்கத்லா நகரத்துக்குப் போக வைக்கும் மாட் நம்மில் பலருடைய பட்டியலில் இருக்கும். என் பட்டியலில் எட்டாவது இடத்தில் இருந்தது. இருபதாவது முறை அந்தச் சுரங்கத்தில் எழுந்திருக்கிறவருக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை? கூண்டுக்குள் கண்விழிக்கிறோம். நம்மை அடைத்து வைத்திருப்பவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. கண்ணாடிக் குடுவைக்குள் உயிரோடு பாதுகாக்கப்பட்டிருக்கும் பழைய ஊழியன் ஒருவன் தன்னைச் சாக விடும்படி கெஞ்சுகிறான். வெளிச்சமே வராத சுரங்கத்தின் நடுவில் ஒரு தோப்பு. அங்கே அடைபட்ட வனதேவதைகள் தங்கள் விதைகளை எடுத்துப் போய்த் தங்கள் அரசியிடம் சேர்க்கும்படி கேட்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு பெண்ணின் படுக்கையறை, கலையாமல், பொறிகள் வைத்துக் காக்கப்பட்டு இருக்கிறது. அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. நம்மை அடைத்து வைத்த ஜான் ஐரெனிகஸ் எப்படிப்பட்டவன் என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் அந்த அறை சொல்லிவிடுகிறது. ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் பதில் கதையின் கடைசிப் பகுதியில், எல்ஃப்களின் நகரத்தில்தான் கிடைக்கும். அந்த அறையைப் பார்க்காதவருக்கு அந்தப் பதில் பாதிதான் போய்ச் சேரும். இதைத்தான் "சலிப்பான பகுதி, தாண்டிவிடு" என்று நாம் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எதிரிகளுக்கு மூளை வைக்கும் ஸ்வார்டு கோஸ்ட் ஸ்ட்ராடஜம்ஸ் மாட் பற்றி நான் குறை சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அற்புதமான வேலை அது. சண்டை தொடங்கும்போதே மந்திரவாதி ஐந்தாறு கவசங்களோடு நிற்பான். எதிரிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கு வருவார்கள். நாம் செய்யும் தந்திரங்களையெல்லாம் நம் மேலேயே திருப்புவார்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் மந்திரச் சண்டை என்பது வெங்காயம் உரிப்பது போன்ற வித்தை. எந்தக் கவசத்தை எந்த மந்திரம் உரிக்கும் என்று அழுது அழுதுதான் கற்றுக்கொள்ள வேண்டும். அசல் ஆட்டம் அதற்கு நேரம் கொடுக்கிறது. எண் குறையக் குறையக் கவசம் வலுவாகிறது என்ற, இந்த ஆட்டத்துக்கு அடிப்படையான ஏடி அண்டு டி (அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்பின் விதியையே இன்னும் நம்ப முடியாமல் இருப்பவரிடம், வெங்காயத்தோடு கத்தியையும் சேர்த்து எறிவது நியாயமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. மாட்களின் பெயர்களே கதையை உடைத்துவிடுகின்றன. இன்னாரைக் காப்பாற்றும் மாட், இன்னாரைத் திரும்பக் கூட்டிவரும் மாட் என்று பட்டியலில் படித்தால், இன்னாருக்கு ஏதோ ஆகப்போகிறது என்று புரியாதா? நான் அனுப்பியதில் அப்படி நான்கு இருந்தன. எந்த நான்கு என்று உங்களுக்கே தெரியும். இங்கே எழுத மாட்டேன், அவனும் இதைப் படிக்கக்கூடும்.

நிறுவுகிற சமாச்சாரத்துக்கு வருகிறேன். அங்கேயும் நம் அறிவுரைகளில் தூசி படிந்திருக்கிறது. 2000இல் வந்த, பயோவேர் உருவாக்கிய ஆட்டம் வேறு, 2013இல் பீம்டாக் வெளியிட்ட மேம்பட்ட பதிப்பு வேறு. இன்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பின்னது. அகலத்திரை வசதி அதிலேயே இருக்கிறது. நாம் பழைய ஆட்டத்துக்குப் போட்டுவந்த ஃபிக்ஸ்பேக் திருத்தங்களில் பெரும்பகுதியும் அதில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் நம் பட்டியல்களின் தலையில் ஃபிக்ஸ்பேக்கும் அகலத்திரை மாட்டும் பிள்ளையார் சுழி போல உட்கார்ந்திருக்கின்றன. புதியவர் அதை நம்பி நிறுவப் பார்ப்பார். அது மறுக்கும். தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்வார். பழைய குறுந்தகட்டுப் பதிப்பு வைத்திருப்பவருக்கு அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆகவே முதல் கேள்வி "எந்தப் பதிப்பு?" என்பதாக இருக்கட்டும்.

மாட்களை நிறுவும் வெய்டியூ கருவி வருவதற்கு முந்தைய காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டத்தின் எழுத்து முழுவதும் டயலாக் டிஎல்கே என்ற ஒரே கோப்பில் எண் வரிசையில் கிடக்கும். அன்றைய மாட்கள் அந்தக் கோப்பையே தூக்கிவிட்டுத் தங்கள் கோப்பை வைத்தன. இரண்டு மாட் போட்டால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும். வெஸ்ட்லி வெய்மர் எழுதிய அந்தச் சிறிய கருவிதான் புதிய வரிகளைக் கோப்பின் வாலில் சேர்க்கவும், இருக்கிற கோப்புகளில் தேவையான இடத்தை மட்டும் திருத்தவும், செய்ததைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு கழற்றவும் வழி செய்தது. அதற்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த வசதியே நம்மை அசட்டையாக்கிவிட்டது. "பிடிக்காவிட்டால் கழற்றிக்கொள்" என்று சுலபமாகச் சொல்கிறோம். அடுக்கி வைத்த தட்டுகளில் அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பவை எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி அடுக்க வேண்டும். வெய்டியூ செய்வதும் அதுதான். பாதி ஆட்டத்தில் இதைச் செய்தால் எழுத்து வரிகளின் எண்கள் நகர்ந்துவிடலாம். சேமித்து வைத்த ஆட்டம் பழைய எண்ணையே கேட்கும். நாட்குறிப்பைத் திறந்தால் பணியின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கேடயத்தின் வரலாறு வந்து நிற்கும். ஏற்கெனவே போய்வந்த இடங்கள் சேமிப்புக்குள் பதிவாகிவிடுவதால், அங்கே புதிய மாட்டின் மாற்றங்கள் பலவும் தலைகாட்டாது. இதையெல்லாம் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனுக்குக் குளத்தின் ஆழத்தை மறைத்து வழி காட்டுவதுதான்.

மாட் போட்டே தீருவேன் என்கிறவரிடம் குறைந்தபட்சம் இவற்றையாவது சொல்லுங்கள். ஆட்டத்தின் கோப்புறையை, புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, தனியாகப் பிரதி எடுத்து அந்தப் பிரதியில் மட்டும் கை வைக்க வேண்டும். ஆட்டத்தை வாங்கிய இணையக் கடை தானாக அனுப்பும் புதுப்பிப்பு அந்தப் பிரதியைத் தொடக்கூடாது. ஒரு புதுப்பிப்பு வந்தால் அடித்தளமே மாறி, மேலே அடுக்கியது சரிந்துவிடும். புதிய பணிகளும் தோழர்களும் முதலில், பொருள்கள் பிறகு, எதிரிகளின் புத்தியை மாற்றுபவை கடைசிக்குப் பக்கத்தில். ஏனென்றால் அவை அதுவரை சேர்ந்த எல்லா எதிரிகளையும் பார்த்துத் திருத்துகின்றன. எல்லாவற்றுக்கும் முன், ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குவதற்கு முன்பே நிறுவலை முடித்துவிட வேண்டும்.

கழித்துக் கட்டப்பட்ட பணிகளை மீட்டுத் தரும் அன்ஃபினிஷ்டு பிசினஸும், ஆட்டத்தின் எழுத்தாளர்களுள் ஒருவரான டேவிட் கெய்டரே இறுதிப் போரைத் திருத்தி எழுதிய அசென்ஷனும் முதல்முறை ஆடும்போதே வேண்டாமா என்று கேட்பீர்கள். 2001இல் வந்த த்ரோன் ஆஃப் பால் என்ற விரிவாக்கம் அவசரமாக முடிகிறது என்பதில் எனக்கும் உங்களோடு கருத்து ஒற்றுமைதான். ஆனால் அந்த அவசரத்தை அனுபவித்து, "இவ்வளவுதானா?" என்று ஏமாந்தவருக்குத்தான் அசென்ஷன் விருந்து. அந்த ஏமாற்றத்தை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். மேம்பட்ட பதிப்பில் மிஞ்சிய பிழைகளை மட்டும் சரிசெய்யும் திருத்தத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அது ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். அதுவும் கேட்டால்தான்.

நாற்பத்தோராவது மாட்டில் நின்றுபோன மருமகனிடம், அந்தக் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டு ஆட்டத்தை வெறுமனே நிறுவச் சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் எழுதியதெல்லாம்?" என்றான். தூக்கிப் போடு என்றேன். என் எண்பத்து மூன்று வரிகளுக்காக மனது ஒரு நிமிடம் அடித்துக்கொண்டது உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே அழைத்தான். சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டானாம். குடுவைக்குள் இருந்த கிழவனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். பிறகு, "மாமா, எல்லோரையும்விட எனக்கு, சிறையில் நம்மோடு சேர்ந்துகொள்கிற யோஷிமோவைத்தான் பிடித்திருக்கிறது. என்ன ஆனாலும் கடைசிவரை அவனைக் கூடவே வைத்துக்கொள்ளப்போகிறேன்" என்றான்.

நான் நன்றாகச் செய் என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை அக்காவின் உடம்பைப் பற்றி மாற்றினேன்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்