பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர உங்கள் பெயரைத் தாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் தெரு அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கப் போகிறார்கள். நம்மில் சிலராவது முன்வர வேண்டும் என்பது என் விருப்பம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியரும் வார்டு உறுப்பினரும் மீதி இடங்களில் வருவார்கள். தலைவரும் பெற்றோரில் ஒருவரே. படிப்புத் தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால் "எனக்கென்ன தெரியும்" என்று எந்த அம்மாவும் ஒதுங்க வேண்டாம். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டில் பிள்ளை சொல்வது முதலில் உங்கள் காதில்தானே விழுகிறது!

பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது இரண்டும் குழுவின் வேலை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கூட்டத்தில் பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். "குழாய் சரியில்லை" என்று பேசிவிட்டு டீ குடித்துக் கலைந்தால் அடுத்த மாதமும் அதையேதான் பேசுவோம். எந்தக் குழாய், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டவே வேண்டாம்.

சம்பளம் கிடையாது, பொறுப்பு இரண்டு ஆண்டு. வேலைக்குப் போகிறவர்கள் கூட்ட நேரத்தை மாலையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் தயக்கம் வேண்டாம்.

சரி, விருப்பம் உள்ளவர்கள் பிள்ளையின் வகுப்பை மட்டும் குறிப்பிட்டு இங்கேயே பதில் போடுங்கள். குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் தெரிந்ததும் சொல்கிறேன்.