இரண்டாம் மாடி ஹல்மொனிக்கு (பாட்டிக்கு)

தென்கொரியாவின் தெகு நகரத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த மூன்றாவது வாரம். தெருவில் எல்லார் குப்பையும் போய்விட்டது, என் பை மட்டும் ஒரு ஸ்டிக்கரோடு கிடந்தது. கொரிய எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், பொருள்தான் புரியாது. மானம் போனது.

நீங்கள் ரப்பர் கையுறையோடு இறங்கி வந்தீர்கள். பையில் அச்சடித்திருந்த நகர வட்டத்தின் பெயரைத் தட்டிக் காட்டினீர்கள். 1995 முதல் இங்கே குப்பைப் பையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அது தெரியும். 'கு' எனப்படும் நகர வட்டம் ஒன்றின் பை அடுத்த வட்டத்தில் செல்லாது என்பதை யாரும் சொல்லவில்லை. நான் வாங்கியது பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில், அது வேறு வட்டம்.

அதோடு விட்டீர்களா? என் உணவுக் கழிவு வாளியையும் திறந்து, வெங்காயச் சருகு, முட்டை ஓடு, கோழி எலும்பு எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டீர்கள். "அன் துவேயோ," கூடாது என்றீர்கள். பிறகு மாடு அசைபோடுவதுபோல் வாயை அசைத்துக் காட்டினீர்கள். தின்னக்கூடியது மட்டும் இதில்! வாசலில் கழனித்தண்ணி வாளி வைத்த வீட்டில் வளர்ந்தவள் நான், சட்டென்று பிடிபட்டது. இருவரும் நடுத்தெருவில் சிரித்தோம்.

கிளம்பும்போது உங்கள் வட்டத்துப் பைகள் இரண்டை என் கையில் திணித்தீர்கள். காசு வாங்கவில்லை.

உங்கள் பெயர்கூடத் தெரியாது, 'ஹல்மொனி' என்றால் பாட்டி என்பதோடு சரி. இந்தத் தமிழும் உங்களுக்கு எட்டாது. நேற்று உங்கள் கதவுக் கைப்பிடியில் தொங்கிய ஆரஞ்சுப் பழங்கள் நான் வைத்தவை. தோல் உணவுக் கழிவில்தான், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.