கைமன் ஊரின் வாய்க்கால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகின் சிற்றூர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வரும் தொடரில் அர்ஜென்டினாவின் கைமன் ஊரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டின் தென்பகுதியான படகோனியாவில், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மொழி இன்றும் காதில் விழும் ஓர் ஊர் இருப்பதைத் தமிழில் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் பாதி தேநீர் விடுதிகளுக்கும், 1995-இல் இளவரசி டயானா அங்கே தேநீர் அருந்தியதற்கும் போய்விட்டது. மீதி வரலாறு முழுவதும் ‘ஆளில்லாத பாலைவனத்தை வேல்ஸ் மக்கள் சோலையாக்கினார்கள்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த வரியை என்னால் அப்படியே விட முடியவில்லை. பொதுப்பணித் துறையில் மதகும் வாய்க்காலுமாகவே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். மகள் புவெனோஸ் ஐரிஸில் வேலை பார்த்தபோது கைமனுக்கும் போய் வந்தேன்.

கைமனை ஒட்டி ஓடும் சூபுத் ஆறு ஆண்டிஸ் மலையில் பிறந்து, வறண்ட மேட்டுநிலத்தைக் கடந்து அட்லாண்டிக் கடலில் சேர்கிறது. கடலை நெருங்கும்போது அதன் பள்ளத்தாக்கு சில கிலோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. இருபுறமும் வெளுத்த மொட்டைக் குன்றுகள். மேற்கிலிருந்து வரும் ஈரத்தை மலை தடுத்துவிடுவதால் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். காற்று மட்டும் ஓய்வதே இல்லை. வயல் வரப்புகளில் நெட்டை நெட்டையாக நிற்கும் பாப்லர் மரங்கள் அழகுக்காக வைத்தவை என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார். அவை காற்றைத் தடுக்க வைத்தவை.

1865 மே மாதம் லிவர்பூலிலிருந்து மிமோசா என்ற கப்பலில் கிளம்பிய வேல்ஸ் மக்கள் சுமார் 150 பேர், ஜூலை 28 அன்று இன்றைய புவேர்த்தோ மாத்ரின் கரையில் இறங்கினார்கள். அங்கே அது கடுங்குளிர்காலம். தாய்மொழியையும் வழிபாட்டையும் ஆங்கிலத்தின் பிடிக்கு வெளியே காப்பாற்ற வந்தவர்கள் அவர்கள். அர்ஜென்டினா அரசுக்கோ, சிலியும் கண் வைத்திருந்த படகோனியாவில் தன் கொடியின் கீழ் குடிகள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களில் உழவு தெரிந்தவர்கள் குறைவு. சுரங்கத் தொழிலாளர்களும் கைவினைஞர்களும் நிறையப் பேர். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். பயிர் கருகியது. 1867-இல் குடியேற்றத்தையே கைவிட்டு வேறிடம் போகும் நிலை வந்தது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் ஏரன் ஜென்கின்ஸ் என்பவர் ஆற்றுநீர் தம் நிலத்தைவிட மேலே நிற்பதைக் கண்டு கரையை வெட்டித் தண்ணீரைப் பாய்ச்சினார். யோசனை அவர் மனைவி ரேச்சலுடையது என்று சொல்லப்படுகிறது. பயிர் விளைந்தது, ஊர் நிலைத்தது. ஆனால் இப்படி வெட்டிய வாய்க்கால் ஆறு நிறைந்து ஓடும்போதுதான் பாயும். ஆற்றில் நீர் இறங்கிவிட்டால், வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பிலேயே தண்ணீர் ஏறாது. அதற்கு ஒரே வழி, மேற்கே, நிலமட்டம் உயர்ந்த இடத்துக்குப் போய்த் தலைப்பை வைத்து, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலைக் குன்றின் அடியோடு கொண்டுவருவது. ஆற்றின் இரு கரையிலும் அதைத்தான் மண்வெட்டியால் செய்தார்கள். குடியானவர்களே பங்கு போட்டு வாய்க்காலைச் சொந்தமாக வைத்து நடத்தினார்கள். மட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டியவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

கைமனில் முதல் வீடு எழுந்தது 1874-இல். பள்ளத்தாக்கு ஒடுங்கி வடக்குக் குன்று ஆற்றை நெருங்கும் இடம் அது. இன்றும் தெருவோரமாக அந்த வாய்க்கால் ஓடுகிறது. கலங்கிய தண்ணீர், கையால் திருகும் சிறு மதகுகள். நான் தேநீர் விடுதிக்குப் போனதைவிட அந்தக் கரையில் நடந்ததுதான் அதிகம். பழைய ரயில் நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1961-இல் நின்றுபோன ரயில் பாதையின் சுரங்கவழியில் இப்போது நடந்து போகலாம்.

ஆறு கொடுத்ததோடு நிற்கவில்லை. 1899-இல் வந்த வெள்ளம் பள்ளத்தாக்கு முழுவதையும் மூழ்கடித்து வீடுகளையும் தேவாலயங்களையும் கரைத்தது. அதன் பின்னும் வெள்ளங்கள் வந்தன. 1902-இல் இருநூறுக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளத்தைக் கட்டுப்படுத்த மேற்கே அமெகினோ அணை வந்தது 1963-இல்தான். வடிகால் சரியில்லாத களிமண் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் பாய்ச்சியதால் சில வயல்களில் உவர் பூத்திருக்கிறது. வெள்ளைப் படலத்தை நானே பார்த்தேன். பாய்ச்சும் வாய்க்காலுக்குக் காட்டும் அக்கறையை வடிவாய்க்காலுக்கும் காட்டாத எந்தப் பாசனத்துக்கும் இந்தக் கேடு வரும். சோலை என்று எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

இனி அந்த ‘ஆளில்லாத’ என்ற சொல். அது தெவெல்ச்சே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1866-இல் அவர்கள் குடியேறிகளைச் சந்தித்தார்கள். ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவானாக்கோ என்ற காட்டு விலங்கை வேட்டையாடக் கற்றுக்கொடுத்தார்கள். இறைச்சியும் தோலும் இறகும் கொடுத்து ரொட்டி வாங்கிப் போனார்கள். பயிர் பொய்த்த அந்த ஆண்டுகளில் குடியேறிகள் பிழைத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னர் 1870-களின் கடைசியிலிருந்து 1885 வரை அர்ஜென்டினா ராணுவம் படகோனியாவின் பூர்வகுடிகளைக் கொன்றும் சிறைபிடித்தும் நிலத்தைப் பறித்தது. மிமோசாவில் குழந்தையாக வந்த ஜான் டேனியல் எவன்ஸ் தம் நினைவுக் குறிப்பில், வால்செத்தா என்ற இடத்தில் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டவர்களைக் கண்டதை எழுதியிருக்கிறார். வேல்ஸ் மொழியில் ரொட்டி கேட்டுக் கையேந்திய அவர்களிடையே அவருடைய பால்ய நண்பரும் இருந்தார். அவரை மீட்கப் பணத்தோடு எவன்ஸ் திரும்பிப் போனபோது நண்பர் இறந்துவிட்டிருந்தார். இதை எழுதியவர் குடியேறிகளில் ஒருவர்தான். நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் அங்கே யாருமே இல்லை என்று எழுதுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இத்தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் ‘ஆளில்லாத’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தெவெல்ச்சே மக்களைப் பற்றி ஒரு பத்தியாவது சேர்க்க வேண்டுகிறேன். கைமன் தொடங்கிய ஆண்டு 1865 என்று அச்சாகியிருக்கிறது. அது கப்பல் கரைசேர்ந்த ஆண்டு. ஊரின் ஆண்டு 1874. வாய்க்காலின் படம் வேண்டுமென்றால் நான் எடுத்தவை இருக்கின்றன, அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர்,
மன்னார்குடி.